காரை இறக்கி ஓட்ட ஆசைப்படுறவங்களுக்கு ஒரு நீண்ட இழை

1/
வழக்கமா நான் சுகர், பிரஷர், பாம்புக்கடின்னுதான் எழுதுவேன். இன்னிக்கு கார் சஸ்பென்ஷன். சம்பந்தமே இல்லாத மாதிரி தோணும். ஆனா இதுவும் ஒரு கேஸ் ஹிஸ்டரிதான். பேஷண்ட் என் கார். தப்பு பண்ணவன் நான். கொஞ்சம் நீளம், டீ எடுத்துட்டு உட்காருங்க.

2/
முதல்லயே சொல்லிடறேன், நான் மெக்கானிக் இல்ல. எம்.பி.பி.எஸ். படிச்சுட்டு அரசு மருத்துவமனையில வேலை பார்க்கிற ஆள். ஆனா காரை இறக்கி, நாலே மாசத்துல புது டயரை நாசம் பண்ணி, அதே டயரை நம்பி அப்பா, அம்மா, மனைவி, நாலு வயசுப் பொண்ணு எல்லாரையும் ராத்திரியில சென்னைக்குக் கூட்டிட்டுப் போக இருந்தவன். அந்தத் தகுதியிலதான் எழுதறேன்.

3/
காலேஜ் நாள்லேர்ந்தே எனக்குத் தாழ்ந்த கார் மேல ஒரு கிறுக்கு. நம்ம ஊர் ஹேட்ச்பேக் எல்லாம் டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவுல நாலு விரல் இடைவெளியோட, வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்கும். நம்ம ரோட்டுப் பள்ளத்துக்காகத்தான் கம்பெனி அப்படி வெச்சிருக்கான். அது புத்திக்குத் தெரியும். ஆனா பார்க்கிங்ல திரும்பிப் பார்க்கும்போது மனசுக்குப் பிடிக்காது.

4/
ஒரு பழைய ஹேட்ச்பேக் வாங்கினேன். நாலு புது டயர் போட்டேன். அன்னிக்கே வீல் அலைன்மென்ட். கம்ப்யூட்டர் ரிப்போர்ட் முழுக்கப் பச்சை. அடுத்த வாரம் ஒரு மாடிஃபிகேஷன் கடைக்குப் போனேன். "இதுக்குன்னு தனியா ஸ்பிரிங் வருது சார், காசு ஜாஸ்தி ஆகும். இருக்கிற ஸ்பிரிங்கையே கட் பண்ணா ஆயிரத்து ஐந்நூறுதான்"னாங்க. முன்னாடி ஒன்றரைச் சுத்து வெட்டினாங்க, பின்னாடி கொஞ்சம். கார் முன்பக்கம் 5 செ.மீ., பின்பக்கம் 1 செ.மீ. இறங்குச்சு. பார்க்க அவ்வளவு அழகு.

5/
திரும்ப அலைன்மென்ட் பார்க்கணுமான்னு கடையிலயும் சொல்லல, நானும் கேட்கல. "போன வாரம்தானே பண்ணோம்"னு என் மனசுல ஒரு கணக்கு. இந்த இழையில ஒரே ஒரு வரிதான் நீங்க ஞாபகம் வெச்சுக்கணும்னா அது இதுதான்: ஒரு அலைன்மென்ட் ரிப்போர்ட், அன்னிக்கு அந்தக் கார் நின்ன உயரத்துக்கு மட்டும்தான் செல்லும். உயரம் மாறிருச்சுன்னா அந்தப் பேப்பர் பழைய பிளட் ரிப்போர்ட் மாதிரி.

6/
அடுத்த நாலு மாசம் தஞ்சாவூர் - பட்டுக்கோட்டை ரோட்டுல போக வர தினம் 90 கிலோமீட்டர். சில மாற்றங்களைக் கவனிச்சேன். ஸ்டியரிங் துடியா இருந்துச்சு, லேசாத் தொட்டாலே திரும்பும். ரோட்டுல லாரி டயர் தடம் இருந்தா அதுலயே போய் விழும். ராத்திரியில ஹெட்லைட் கொஞ்சம் கிட்டக்கவே விழற மாதிரி இருந்துச்சு. ஒருநாள் மழையில ஒரத்தநாடு பக்கம் தேங்கின தண்ணியில ஏறினப்போ, ஒரு நொடி ஸ்டியரிங் காத்துல சுத்தற மாதிரி காலியா இருந்துச்சு.

7/
இதையெல்லாம் நான் எப்படி எடுத்துக்கிட்டேன்? மனைவிகிட்ட "ஸ்போர்ட்ஸ் கார் ஃபீல் வந்திருச்சு பாரு"ன்னேன். ஹெட்லைட்டுக்குப் பவர் ஜாஸ்தியான பல்ப் தேடினேன். தண்ணியில வழுக்கினதுக்கு ரோட்டைத் திட்டினேன்.

ஓபியில சிலர் வருவாங்க. சுகர் ஏறி உடம்பு இளைச்சுட்டிருக்கும். "தொப்பை நல்லா குறைஞ்சிருச்சு டாக்டர்"னு சந்தோஷமா சொல்வாங்க. நானும் அந்த நிலைமையிலதான் இருந்தேன்.

8/
சென்னையில ஒரு சொந்தக்காரக் கல்யாணம். 300 கிலோமீட்டருக்கு மேல. வெள்ளிக்கிழமை ட்யூட்டி முடிச்சுட்டு ராத்திரி கிளம்பறதா பிளான். அன்னிக்கு மதியம், ஆயிலும் பிரேக்கும் பார்த்துடலாம்னு எங்க தெருமுனை மெக்கானிக் அண்ணன்கிட்ட விட்டேன். அறுபது வயசைத் தாண்டினவர். என் அப்பாவோட ஸ்கூட்டர் காலத்துலேர்ந்து பழக்கம்.

9/
அவர் பானெட்டையே திறக்கல. காரைச் சுத்தி ஒரு நடை நடந்தார். உள்ள கையை விட்டு ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுசா ஒடிச்சார். முன் டயரோட உள்பக்கம் வெளியே தெரிஞ்சது.

"தம்பி, இங்க வாங்க. கையை வெச்சுப் பாருங்க."

"என்னண்ணே, டயர் புதுசு. நாலு மாசம்தான் ஆச்சு."

"வெளிப்பக்கம் புதுசுதான். உள்ள தொட்டுப் பாருங்க."

தொட்டேன். சுருக்குனு ஏதோ குத்துச்சு. விரல்ல ரத்தம். ரப்பர் முழுக்கத் தேய்ஞ்சு, டயருக்குள்ள இருக்கிற ஸ்டீல் வயர் வெளியே நீட்டிக்கிட்டு இருந்துச்சு.

10/
ரெண்டு முன் டயருமே அப்படித்தான். உள் ஓரத்துல மூணு விரல் அகலத்துக்கு வழவழன்னு மொட்டை. வெளி ஓரத்துல பட்டன் எல்லாம் புதுசு மாதிரி நிக்குது. சட்டப்படி டயர் பட்டன் ஆழம் 1.6 மி.மீ.க்குக் கீழ போகக் கூடாது. என்னோடதுல பட்டனே இல்ல, வயர்தான் இருந்துச்சு.

ஆஸ்பத்திரிக்கே போய் டிடி ஊசி போட்டுக்கிட்டேன். "என்ன சார் ஆச்சு?"ன்னு சிஸ்டர் கேட்டாங்க. "டயர் கடிச்சிருச்சு சிஸ்டர்"னேன். அவங்க சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல.

11/
ஏன்னா டயர் வெடிச்சு வர்ற கேஸ் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். முன் டயர் போச்சுன்னா வண்டி எந்தப் பக்கம் இழுக்கும்னு டிரைவர் கையில இல்ல. பின் சீட்டுல இருக்கறவங்க பெரும்பாலும் பெல்ட் போட்டிருக்க மாட்டாங்க. குழந்தை மடியில இருக்கும். என் பின் சீட்டும் அப்படித்தான் இருந்திருக்கும். நடுராத்திரி, 80, 90 வேகம், சூடான டயர், மொட்டை ஓரம். அதுக்கு மேல யோசிக்க வேணாம்னு நிறுத்திக்கிட்டேன்.

12/
எனக்கு உறுத்தினது இன்னொண்ணு. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அந்த டயரை நானே கழுவினேன். எம்.பி.பி.எஸ்.ல ஒரு நோயாளியை எப்படிப் பரிசோதிக்கணும்னு வரிசையா சொல்லித் தருவாங்க: பார்க்கணும், தொடணும், தட்டணும், கேட்கணும். நான் பார்த்ததோட நிறுத்திட்டேன். அதுவும் எனக்குக் காட்டின பக்கத்தை மட்டும். மெக்கானிக் அண்ணன் தொட்டுப் பார்க்கச் சொன்னார்.

இனி, ஏன் இப்படி ஆச்சுன்னு பார்ப்போம்.

13/
மூணு வார்த்தை தெரிஞ்சா போதும்.

டோ: மேலேர்ந்து பார்த்தா ரெண்டு முன் சக்கரமும் நேரா இருக்கா, உள்ள பார்த்துத் திரும்பியிருக்கா, வெளிய பார்த்துத் திரும்பியிருக்கா. உங்க ரெண்டு பாதத்தையும் குனிஞ்சு பாருங்க, அதேதான்.

காம்பர்: முன்னாடி நின்னு பார்த்தா சக்கரத்தோட தலை உள்ள சாய்ஞ்சிருக்கா, வெளிய சாய்ஞ்சிருக்கா. உள்ள சாய்ஞ்சா நெகட்டிவ் காம்பர்.

காஸ்டர்: பக்கவாட்டுல பார்த்தா, சக்கரம் எந்த அச்சைச் சுத்தித் திரும்புதோ அந்த அச்சோட சாய்வு. ஸ்டியரிங் தானா நேருக்கு வர்றதுக்கு முக்கியக் காரணம் இதுதான்.

14/
நம்ம ஊர் ஹேட்ச்பேக்ல பெரும்பாலும் முன்னாடி மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட். எர்ல் மெக்ஃபெர்சன்கிற அமெரிக்க எஞ்சினியர் 1940-கள்ல உருவாக்கினது. ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணா மேல நிக்கும். கீழ லோயர் ஆர்ம்னு ஒரு கை சக்கரத்தைப் பிடிச்சிருக்கும். மலிவு, இடம் அடைக்காது, அதனாலதான் உலகம் முழுக்க இருக்கு. ஆனா கம்பெனி வெச்ச உயரத்துல ஒழுங்கா வேலை செய்யற மாதிரிதான் இதோட கோணம் எல்லாம் அமைஞ்சிருக்கும்.

15/
வீட்லயே செஞ்சு பாருங்க. சுவருக்குப் பக்கவாட்டுல நில்லுங்க. கையை மடக்காம, விரல் நுனி கீழ இருக்கிற மாதிரி சரிவா நீட்டி, நுனி சுவரைத் தொடற தூரத்துல நின்னுக்குங்க. இப்ப நகராம கையை மெதுவாத் தோள் மட்டத்துக்குத் தூக்குங்க. விரல் சுவரை முட்டித் தள்ளும். கையோட நீளம் மாறல, ஆனா நுனி வெளிய போகுது.

காரை இறக்கும்போது லோயர் ஆர்ம் பண்றது இதேதான். சக்கரத்தோட அடிப்பக்கத்தை வெளிய தள்ளும். அடி வெளிய போனா தலை உள்ள சாயும். அதான் நெகட்டிவ் காம்பர்.

16/
கூடவே இன்னொரு கையும் இருக்கு. ஸ்டியரிங்கைச் சக்கரத்தோட இணைக்கிற டை ராடு. அதோட நீளம் வேற, அது கீல் போட்டிருக்கிற இடம் வேற. அதனால கார் இறங்கும்போது அது போற வளைவும் வேற. லோயர் ஆர்ம் ஒரு அளவு தள்ள, டை ராடு இன்னொரு அளவு தள்ள, நீங்க ஸ்டியரிங்கைத் தொடாமலே சக்கரம் திரும்பிடும். அதாவது டோ மாறிடும். என் கார்ல ரெண்டு சக்கரமும் வெளிய பார்த்துத் திரும்பியிருந்துச்சு. டோ-அவுட்.

17/
மறுபடி மெஷின்ல ஏத்தினப்போ வந்த அளவு: டோ-அவுட் 4 மி.மீ., காம்பர் ரெண்டு பக்கமும் மைனஸ் 2 டிகிரியை ஒட்டி.

4 மி.மீ.தானேன்னு நினைப்பீங்க. கணக்கு போடுவோம். டயரோட விட்டம் சுமாரா 60 செ.மீ. அந்த நீளத்துக்குள்ள 4 மி.மீ. விலகல்னா, 1 கிலோமீட்டர் போறதுக்குள்ள ரெண்டு சக்கரமும் சேர்ந்து 6 மீட்டருக்கு மேல விலகிப் போகப் பார்க்கும். ஆனா ரெண்டும் ஒரே கார்ல கட்டுப்பட்டிருக்கு, விலக முடியாது. அதனால ஒவ்வொரு டயரும் கிலோமீட்டருக்கு 3 மீட்டர் பக்கவாட்டுல தேய்ச்சுக்கிட்டே உருளும். நாலு மாசம், 9,000 கிலோமீட்டர். அதாவது 27 கிலோமீட்டர் தூரத்துக்கு டயரைத் தார் ரோட்டுல குறுக்க வெச்சு இழுத்திருக்கேன்.

18/
காம்பர் அந்தத் தேய்மானம் முழுக்க உள் ஓரத்துல விழற மாதிரி பார்த்துக்கிச்சு. ரெண்டும் சேர்ந்ததுதான் ஆபத்து. டோ சரியா இருந்து காம்பர் மட்டும் கொஞ்சம் நெகட்டிவா இருந்தா, டயர் இவ்வளவு வேகமாப் போகாது. டயரைத் தின்கிறது முக்கியமா டோ. எந்தப் பக்கம் தின்னணும்னு சொல்றது காம்பர்.

19/
ஓபியில தினம் பார்க்கிற விஷயம் இது. கால் வில்லு மாதிரி வளைஞ்ச பாட்டிகளுக்கு முட்டியோட உள்பக்கம்தான் முதல்ல தேயும். எடை விழற கோடு அந்தப் பக்கம் ஒதுங்கிடுது. வலி மாத்திரை வலியைக் குறைக்கும், தேய்மானத்தை நிறுத்தாது. அதனாலதான் எலும்பு டாக்டர்கள் சிலருக்குக் காலெலும்பை வெட்டிக் கோணத்தை நிமிர்த்தி, அந்தக் கோட்டையே மாத்தறாங்க. என் கார்ல கோணத்தைத் திருத்தாம புது டயர் மட்டும் போட்டிருந்தா, அடுத்த நாலு மாசத்துல அதுவும் காலி.

20/
ஹெட்லைட் விஷயத்துக்கு வர்றேன். இது எனக்குப் பின்னாடிதான் உறைச்சது. முன்பக்கம் 5 செ.மீ., பின்பக்கம் 1 செ.மீ. இறங்கினதுல கார் மூக்கு குத்தி நின்னுச்சு. ரெண்டு அச்சுக்கும் நடுவுல சுமார் 2.4 மீட்டர். 4 செ.மீ. வித்தியாசம்னா ஏறக்குறைய 1 டிகிரி சாய்வு. காஸ்டரும் அந்த 1 டிகிரியை இழந்திருச்சு, ஸ்டியரிங் துடியானதுல அதுக்கும் பங்கு உண்டு.

21/
விளக்குக்கு அந்த 1 டிகிரி பெரிய விஷயம். லோ பீம் 100 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கற மாதிரி வெச்சிருக்குன்னு எடுத்துக்குங்க. விளக்கு தரையிலேர்ந்து 65 செ.மீ. உயரத்துல இருந்தா வெளிச்சம் 65 மீட்டர் வரைக்கும் போகும். கார் 1 டிகிரி குனிஞ்சா அதுவே 25 மீட்டருக்குள்ள விழுந்துடும். 80 கிலோமீட்டர் வேகத்துல கார் ஒரு நொடிக்கு 22 மீட்டர் போகுது. அதாவது எதிர்ல மாடு நின்னாலும், சைக்கிள்ல ஆள் வந்தாலும், எனக்குக் கிடைச்ச அவகாசம் ஒரு நொடி. நான் அதுக்குப் பல்ப் மாத்தப் பார்த்தேன்.

22/
ஸ்பிரிங்கை வெட்டறது ஏன் தப்பு? ஸ்பிரிங்ல சுத்து குறைஞ்சா அது கடினமாகும். ஷாக் அப்சார்பர் பழைய ஸ்பிரிங்குக்கு ஏத்த மாதிரி செஞ்சது, இந்தப் புதுத் துள்ளலை அதால அடக்க முடியாது. வெட்டின முனை கிண்ணத்துல ஒழுங்கா உட்காராது. சக்கரம் பள்ளத்துல முழுசாத் தொங்கும்போது ஸ்பிரிங் லூஸாகி இடம் மாறவும் வாய்ப்பு உண்டு. கேஸ் வெல்டிங் வெச்சுச் சூடு பண்ணி இறக்கறவங்களும் இருக்காங்க. அது இன்னும் மோசம். ஸ்பிரிங் ஸ்டீலோட பதமே போயிடும். அது எங்க, எப்ப உட்காரும்னு யாருக்கும் தெரியாது.

23/
சக்கரம் மேல போறதுக்கான இடமும் குறைஞ்சிடும். கடைசியில பம்ப் ஸ்டாப்னு ஒரு ரப்பர் இருக்கும், அதுல போய் இடிக்கும். வளைவுல திரும்பும்போது ஒரு மேடு வந்து ரப்பர்ல இடிச்சா, அந்தச் சக்கரத்துக்கு அந்த நொடி சஸ்பென்ஷனே இல்லாத மாதிரி. பிடிப்பு சட்டுனு போகும்.

இந்திய ரோடு காங்கிரஸ் விதிப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்கணும். நம்ம ஊர்ல கிராமத்துக்குக் கிராமம் கையால கொட்டி வெச்ச தாரை அளந்து பாருங்க. அப்புறம் உங்க காரை எவ்வளவு இறக்கலாம்னு முடிவு பண்ணுங்க.

24/
"இறக்கினா கார் சாயாது, கார்னரிங் சூப்பரா இருக்கும்"னு சொல்வாங்க. பாதி உண்மை. எடையோட மையம் இறங்குது, அது நல்லதுதான். ஆனா மெக்ஃபெர்சன் அமைப்புல, கார் எந்தப் புள்ளியைச் சுத்திச் சாயுதோ அந்தப் புள்ளி அதைவிட வேகமா இறங்கும். ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற தூரம்தான் காரைச் சாய்க்கிற நெம்புகோல். அது நீளமாகும். ரொம்ப இறக்கினா கார் சாய்றதுக்கான உந்துதல் கூடத்தான் செய்யும். ஸ்பிரிங் கடினமா இருக்கறதால நமக்கு அது தெரியாது.

25/
பழைய கார் வெச்சிருக்கறவங்க இதைக் கவனமாப் படிங்க. சில மாடல்கள்ல பின் ஆக்ஸில்ல ஒரு வால்வு இருக்கும். பின்பக்கம் எவ்வளவு அமுங்கியிருக்குன்னு பார்த்து, "ஓ, லோடு ஏத்தியிருக்காங்க"ன்னு முடிவு பண்ணி பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். நீங்க ஸ்பிரிங்கை வெட்டி இறக்கினா, காலி வண்டியையும் அது லோடு வண்டின்னு நம்பும். ஏபிஎஸ் இல்லாத கார்ல ஈர ரோட்டுல பிரேக் அடிச்சா பின் சக்கரம் முதல்ல பூட்டிக்கும். அப்புறம் கார் சுத்தும்.

26/
அப்போ இறக்கவே கூடாதான்னு கேட்டா, முதல்ல சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: ஆர்.சி.யில இருக்கிற விவரங்கள் கம்பெனி முதல்ல குறிப்பிட்டதுலேர்ந்து மாறுபடற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்திச்சு. அதே வருஷத் திருத்தத்துல வந்த 182ஏ பிரிவுப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்ல 6 மாசம் வரைக்கும் சிறை, இல்ல ரெண்டும். சொல்லாம செஞ்ச மாற்றம் இன்சூரன்ஸ் கிளெய்ம் நேரத்துலயும் வில்லங்கம் ஆகலாம். இதைத் தெரிஞ்சுக்கிட்டு முடிவெடுங்க.

27/
ரேஸ் டிராக்ல ஓட்டறவங்க, உயரம் மாத்திக் கொடுக்கிற நாடுகள்ல இருக்கறவங்க, ஏற்கெனவே இறக்கின காரை வாங்கினவங்க, உங்களுக்கு மெக்கானிக் அண்ணன் சொல்லித் தந்தது இது:

வெட்டாதீங்க. அந்தக் காருக்குன்னு செஞ்ச ஸ்பிரிங், அதுக்கு ஏத்த ஷாக் அப்சார்பரோட போடுங்க. 2, 3 செ.மீ.யோட நிறுத்துங்க.

லோயர் ஆர்ம் புஷ் போல்ட்டைக் கார் ஜாக்கியில தொங்கும்போது முறுக்காதீங்க. நாலு சக்கரமும் தரையில நின்னு எடை இறங்கின பிறகுதான் டைட் பண்ணணும். இல்லேன்னா ரப்பர் எப்பவும் முறுக்கிக்கிட்டே இருந்து சீக்கிரம் கிழியும்.

28/
ஸ்பிரிங் மாத்தினதும் ஒரு அலைன்மென்ட், சில நூறு கிலோமீட்டர் ஓடி ஸ்பிரிங் உட்கார்ந்த பிறகு இன்னொண்ணு. ரெண்டுமே கட்டாயம். அலைன்மென்ட்டுக்கு முன்னாடி:

- நாலு டயர்லயும் சரியான காத்து
- பால் ஜாயிண்ட், டை ராடு எண்டு, வீல் பேரிங் ஆட்டம் இருக்கான்னு பார்க்கறது. ஆட்டம் இருக்கிற வண்டிக்கு அலைன்மென்ட் பண்றது, ஆடற நாற்காலியில உட்கார வெச்சு பிரஷர் பார்க்கிற மாதிரி
- டிக்கியில இருக்கிற வேண்டாத மூட்டை முடிச்சை இறக்கறது
- நாலு சக்கர அளவும் எடுக்கச் சொல்றது. முன்னாடி மட்டும் போதாது

29/
நாலு சக்கரமும் ஏன்? நம்ம ஹேட்ச்பேக்ல பின்னாடி பெரும்பாலும் டார்ஷன் பீம். ரெண்டு பின் சக்கரமும் ஒரே இரும்புல கோத்திருக்கும். இறக்கினாலும் அங்க கோணம் பெருசா மாறாது. ஆனா பழைய அடிபட்ட கார்ல அந்த பீமே கோணலா இருக்கலாம். அப்போ முன்னாடி எவ்வளவு திருத்தினாலும் கார் நண்டு மாதிரி ஒருக்களிச்சுத்தான் போகும். நேர் ரோட்டுல ஸ்டியரிங் கோணலா நிக்குதுன்னா இதையும் சந்தேகப்படுங்க.

30/
"காம்பர் இந்தக் கார்ல அட்ஜஸ்ட் ஆகாது சார், டோ மட்டும்தான்"னு சொல்வாங்க. பல கார்ல கம்பெனி அமைப்புப்படி அது உண்மைதான். ஆனா ஸ்ட்ரட் சக்கரத்தோட சேர்ற இடத்துல ரெண்டு போல்ட் இருக்கிற கார்கள்ல, ஒண்ணை மாத்தி எக்சென்ட்ரிக் காம்பர் போல்ட் போட்டு ஓரளவு திருத்தலாம். வழி இருக்கான்னு கேளுங்க.

ரிப்போர்ட்டைக் கையில வாங்குங்க. திருத்தறதுக்கு முன்னாடி, திருத்தின பிறகுன்னு ரெண்டு அளவும் இருக்கணும். சிவப்புல ஏதாவது மிச்சம் இருந்தா ஏன்னு கேட்டுட்டுத்தான் காசு கொடுக்கணும். ஹெட்லைட் உயரத்தையும் அன்னிக்கே சரி பண்ணச் சொல்லுங்க.

31/
நான் என்ன பண்ணேன்? பழைய உயரத்துக்கே திரும்பிட்டேன். நாலு புது ஸ்பிரிங், முன்னாடி ரெண்டு புது டயர், புஷ், அலைன்மென்ட். ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் ஆசைக்கு இருபதாயிரத்துக்கு மேல ஆச்சு. கார் மறுபடி வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கிட்டு நிக்குது. ஒரத்தநாட்டுல தண்ணி தேங்கினாலும் ஸ்டியரிங் இப்ப கையில நிக்குது.

கல்யாணத்துக்குத் தட்கல் எடுத்து உழவன் எக்ஸ்பிரஸ்ல போனோம். பொண்ணு ஜன்னலோரம் தூங்கினா. அப்பாவுக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம், "கார் இருந்தும் ரயில்லயா"ன்னு. நான் ஒண்ணும் சொல்லல. இதைப் படிச்சுத்தான் அவருக்கும் தெரியப் போகுது.

32/
தாழ்ந்த கார் ஒண்ணு ரோட்டுல போனா இன்னமும் திரும்பிப் பார்ப்பேன். அந்த ஆசை போகல, அதைக் குறை சொல்லவும் வரல. உங்க காரை நீங்க இறக்கியிருந்தாலும், இறக்காட்டியும், ஒரே ஒரு வேலை மட்டும் பண்ணுங்க.

இன்னிக்குச் சாயங்காலம் காரைச் சமதளத்துல நிறுத்துங்க. இன்ஜினை அணைச்சு, ஹேண்ட்பிரேக் போட்டு, ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுசாத் திருப்புங்க. டயர் சூடு ஆறின பிறகு, கையில ஒரு துணியைச் சுத்திக்கிட்டு முன் டயரோட உள் ஓரத்தைத் தடவிப் பாருங்க. அப்புறம் அடுத்த பக்கம். அஞ்சு நிமிஷம் ஆகும். துணி எங்கயாவது மாட்டிச்சுன்னா அந்தக் காரை எடுக்காதீங்க.

துணியை மறந்துடாதீங்க. டிடி போடற சிஸ்டருக்கு ஏற்கெனவே நிறைய வேலை இருக்கு.